ஒரிஜினல் பேட்டரியா, வெளிக்கம்பெனி பேட்டரியா? 80டி-க்கு ஸ்பேர் வாங்குற தம்பிக்கு

கேள்வி | ஜனவரி 6

அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல கேனான் 80டி கேமரா எடுத்திருக்கேன். கூட வந்தது ஒரே ஒரு எல்பி-ஈ6என் பேட்டரி. தை பிறந்ததும் முகூர்த்தம் வரிசையா நிக்குது. ஒரிஜினல் ஒண்ணு வாங்குற காசுக்கு ஆன்லைன்ல வெளிக்கம்பெனி பேட்டரி மூணும், ரெட்டை சார்ஜரும் சேர்ந்து வருது. அதுல 2,650 எம்ஏஎச்னு (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) போட்டிருக்கு. ஒரிஜினல்ல 1,865 தான். அதிகமா இருக்கிறதையே எடுத்துடலாமா?

ஜனவரி 6, இரவு

முதல்ல பதில், அப்புறம் காரணம். ஒரிஜினல் ஒண்ணு வாங்குங்க. கையில இருக்கிற பழசை ரெண்டாவதா வச்சுக்கோங்க. மூணாவதுக்கு வேணும்னா பேர் தெரிஞ்ச வெளிக்கம்பெனி ஒண்ணு. 2,650 போட்டதைத் தொடாதீங்க.

காரணம் கேனானோட கணக்குலயே இருக்கு. எல்பி-ஈ6 வந்தது 2008-ல, 5டி மார்க் 2 கேமரா கூட. 1,800 எம்ஏஎச். 2014-ல 7டி மார்க் 2 வந்தப்போ எல்பி-ஈ6என், 1,865. 2020-ல ஆர்5, ஆர்6 கூட வந்தது எல்பி-ஈ6என்எச், 2,130. டப்பாவோட அளவு இந்தப் பன்னிரண்டு வருஷமும் மாறவே இல்லை. அதே டப்பாவுக்குள்ள கூடுதலா 330 எம்ஏஎச் ஏத்த அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அவ்வளவு காலம் பிடிச்சிருக்கு. அதே டப்பாவை மூணுல ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கிறவர் 2,650-ஐ எங்கே இருந்து கொண்டு வருவார்? அரைப்படியில ஒரு படி அரிசி அடங்காது தம்பி.

ஜனவரி 7, காலை

ராத்திரி எழுதினதுல முக்கியமான விஷயத்தை இன்னும் தொடலை. எம்ஏஎச் சண்டை எல்லாம் ரெண்டாம்பட்சம். கல்யாண வேலைக்கு ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்ங்கறதை விட, எப்ப நிக்கும்னு நமக்கு முன்கூட்டியே தெரியுதாங்கறதுதான் பெரிசு.

ஒரு ரிசப்ஷன். மேடையில குடும்பம் குடும்பமா நிறுத்தி எடுத்துக்கிட்டிருக்கோம். கூட எடுத்த பையனோட பாடியில, அதாவது கேமராவுல, வெளிக்கம்பெனி பேட்டரி. நான் எட்டிப் பார்த்தப்போ 40 சதவீதத்துக்கு மேல காட்டுச்சு. பொண்ணோட அப்பத்தாவை வீல்சேர்ல கொண்டு வந்து, ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு மேடை ஏத்தினாங்க. அந்தம்மா முந்தானையைச் சரி பண்ணி, பேத்தி கையைப் பிடிச்சு, நிமிர்ந்து நின்ன நேரத்துல பாடி ஆஃப் ஆயிடுச்சு. ஆன் பண்ணினா பேட்டரி அடையாளம் சிமிட்டுது, மறுபடி ஆஃப். என் பாடி பக்கத்துல இருந்ததால படம் கிடைச்சது. தனியா போயிருந்தா அந்தப் பையன் என்ன பண்ணியிருப்பான்? பேட்டரி மாத்துற நேரத்துக்கு அந்தம்மாவால நிக்க முடியாது.

இது ஏன் நடக்குதுன்னா, இந்தப் பேட்டரிக்குள்ள ரெண்டு லித்தியம் செல் தொடரா இருக்கு. ஒண்ணு 3.6 வோல்ட், சேர்ந்து 7.2. முழுசா ஏறினா ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 8.4. லித்தியம் செல்லோட வோல்டேஜ் நடுவுல ரொம்ப நேரம் பெரிசா இறங்காது, கடைசியில மளமளன்னு விழும். அதனால வோல்டேஜை மட்டும் வச்சு மீதியை ஊகிச்சா நடுவுல எப்பவும் தப்பா வரும். ஒரிஜினல்ல உள்ள சிப் பாடியோட பேசி சதவீதத்தைக் கொடுக்குது. பல வெளிக்கம்பெனி பேட்டரிகள் குத்துமதிப்பா ஊகிக்கிற மாதிரிதான் நடந்துக்குது.

இன்னொண்ணும் உண்டு. ரெண்டு செல்லும் ஒரே பலத்துல இருக்கணும். ஒண்ணு மெலிஞ்சதா இருந்தா அது முதல்ல காலியாகும். உடனே பாதுகாப்பு சர்க்யூட் மொத்தப் பேட்டரியையும் வெட்டிவிடும், இன்னொரு செல்லுல பாதி மிச்சம் இருந்தாலும். விலை குறைஞ்ச பேட்டரியில செல்லைப் பொறுக்கி ஜோடி சேர்க்க யார் மெனக்கெடுவாங்க?

ஜனவரி 7, மதியம்

80டி மெனுவுல பேட்டரி தகவல்னு ஒரு பக்கம் இருக்கு. மீதி சதவீதம், அந்த சார்ஜுல எத்தனை படம் எடுத்தீங்க, அப்புறம் ரீசார்ஜ் திறனுக்கு மூணு புள்ளி. மூணும் பச்சைன்னா நல்லது. ரெண்டு பச்சைன்னா கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. ஒரே ஒரு சிவப்புன்னா புதுசு வாங்குற நேரம். செகண்ட் ஹேண்ட் பாடியோட வந்த பேட்டரிக்கு இன்னிக்கே அதைப் பாருங்க, பார்த்துட்டு எழுதுங்க.

ஜனவரி 9

ஈரோட்டு நண்பர் ஒருத்தர் கொஞ்சம் காரமா கேட்டிருக்கார்: "நாங்க வருஷக்கணக்கா வெளிக்கம்பெனி பேட்டரிதான், ஒண்ணும் ஆகலை. ஒரிஜினல் வாங்கச் சொல்றவங்க கம்பெனிக்கு விளம்பரம் பண்றாங்க."

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நல்ல வெளிக்கம்பெனி பேட்டரின்னு ஒரு இனம் நிஜமாவே உண்டு. டப்பாவுல 2,000-க்குப் பக்கமா போட்டு, சோதிச்சுப் பார்த்தா அதுக்குக் கிட்டத்தட்டக் கொடுக்கிற பேட்டரியை நானே வச்சிருக்கேன். கேனானே 2,130 வரைக்கும் ஏத்தி வித்துக்கிட்டிருக்கிறதால அந்த அளவு நம்பக்கூடியதுதான். நான் எதிர்க்கிறது 2,650, 3,000னு அடிச்சு விடுற லேபிளை.

சோதிச்சேன்னு சொன்னது சும்மா இல்லை. ட்ரோன், ஆர்சி கார் பசங்க வச்சிருக்கிற ஹாபி சார்ஜர்ல டிஸ்சார்ஜ் வசதி இருக்கும். பேட்டரி முனையில ஒயரைப் பிடிச்சு, ஒரே அளவு கரன்ட்ல இறக்கினா, மொத்தம் எவ்வளவு எம்ஏஎச் வெளியே வந்ததுன்னு திரையில ஓடும். ரெண்டு செல்லுக்கும் சேர்த்து 6 வோல்ட்ல நிறுத்திடணும், அதுக்குக் கீழே விட்டா செல் கெட்டுப்போகும். பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கணும். இப்படிப் பார்த்தப்போ 2,650 லேபிள்காரர் ஒரிஜினலோட 1,865-க்குப் பக்கத்துல கூட வரலை. அடக்கமா லேபிள் போட்டவர் சொன்னதைக் கொடுத்தார்.

ஒயர் வேலைக்குப் பயமா இருந்தா வீட்டுத் தராசுல எடை போடுங்க. ஒரிஜினல் எல்பி-ஈ6என் ஏறக்குறைய 80 கிராம். லேபிள்ல அதிகம் போட்டு எடையில நல்லாவே குறைஞ்சா உள்ள என்ன இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. எடை சரியா இருந்தா மட்டும் பேட்டரி நல்லதுன்னு அர்த்தம் ஆகாது, அதையும் சொல்லிடுறேன்.

ஜனவரி 9, இரவு

ஈரோட்டு நண்பருக்கு இன்னும் ஒரு வரி. அவர் எடுக்கிறது பெரும்பாலும் ப்ராடக்ட், ஸ்டுடியோ. அங்கே பேட்டரி போனா மாத்திட்டு அதே படத்தை மறுபடி எடுக்கலாம். வேலைக்குத் தகுந்த பேட்டரின்னு பிரிச்சுப் பார்த்தா எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

ஜனவரி 12

சார்ஜர் பத்தி. கேனானோட எல்சி-ஈ6 சார்ஜர்ல ஆரஞ்சு விளக்கு செகண்டுக்கு ஒரு தடவை சிமிட்டினா பாதிக்குக் கீழே. ரெண்டு தடவைன்னா 50 சதவீதத்துக்கு மேல. மூணு தடவைன்னா 75-க்கு மேல. பச்சைன்னா முழுசு. மண்டபத்துல மூலையில சார்ஜ் போட்டுட்டு, தூரத்துல இருந்தே எண்ணிப் பார்த்துக்கலாம். வெளிக்கம்பெனி பேட்டரி சிலது இந்தச் சார்ஜர்ல ஏறவே ஏறாது, விளக்கு படபடன்னு அடிக்கும். அதை வாங்கின அன்னிக்கே சோதிச்சு, ஏறலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது.

கூட வர்ற ரெட்டை சார்ஜரை நான் ஒரிஜினல் பேட்டரிக்குப் பயன்படுத்துறதில்லை. எல்சி-ஈ6 கொடுக்கிறது 8.4 வோல்ட், 1.2 ஆம்பியர். எங்கே நிறுத்தணும்னு அதுக்குத் தெரியும். பேர் தெரியாத சார்ஜர் எந்த வோல்டேஜ்ல நிறுத்துதுன்னு ஒவ்வொரு தடவையும் மீட்டர் வச்சுப் பார்க்க முடியுமா?

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். தம்பி மெனுவைப் பார்த்துட்டு எழுதியிருக்கார்: பழைய பேட்டரிக்கு ரெண்டு பச்சை. நல்ல சேதி. இன்னும் ஓடும்.

கூடவே ஒரு லிங்க் காட்டி "ஒரிஜினலே பாதி விலைக்குக் கிடைக்குது"ன்னு சந்தோஷமா சொல்லியிருக்கார். தம்பி, இங்கே நில்லுங்க. இருக்கிறதுலயே மோசமானது இதுதான். வெளிக்கம்பெனிக்காரர் தன் பேரைப் போட்டு விக்கிறார், கெட்டா திட்டுறதுக்கு ஒரு பேர் இருக்கு. கேனான் பேரைத் திருடி ஒட்டுறவருக்கு அந்தப் பயமும் கிடையாது.

போலியைப் பிடிக்க ஒரு வழி. 7டி, 5டி மார்க் 2, மார்க் 3 மாதிரி பாடியில பேட்டரியைப் பதிவு பண்ற வசதி உண்டு, ஆறு வரைக்கும். ஒவ்வொரு எல்பி-ஈ6-க்கும் தனித்தனி சீரியல் நம்பர் சிப்புல இருக்கும், பாடி அதைப் படிச்சுக் காட்டும். ஒரு நண்பர் 'ஒரிஜினல்'னு வாங்கின ரெண்டையும் என் 5டி மார்க் 3-ல போட்டுப் பார்த்தேன். ரெண்டுக்கும் ஒரே நம்பர்! டப்பா, ஹாலோகிராம் ஸ்டிக்கர், எழுத்து எல்லாம் அச்சு அசல். சிப்பை மட்டும் ஒரே ஒண்ணை வச்சு ஜெராக்ஸ் எடுத்திருக்காங்க.

இந்தியாவுல விக்கிற லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046-ங்கற தரமும், ஆர்-னு தொடங்குற பதிவு எண்ணும் லேபிள்ல இருக்கணும். அதைப் பாருங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க. பில் கொடுக்கத் தயங்குற கடையில விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.

ஜனவரி 16

"பாடி வெளிக்கம்பெனி பேட்டரியைத் தடுக்கிறது கம்பெனியோட அராஜகம் இல்லையா?"ன்னு ஒருத்தர். இது பழைய கதை. 2009-ல பானாசோனிக் தன்னோட சின்ன கேமராக்களுக்கு ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற மென்பொருள்) விட்டது. அதைப் போட்டா வெளிக்கம்பெனி பேட்டரி வேலை செய்யாது. பாதுகாப்புக்காகன்னு கம்பெனி சொன்னது. நேத்து வரைக்கும் ஓடின பேட்டரி இன்னிக்குச் செத்துப்போனா வாங்கினவங்களுக்கு எப்படி இருக்கும்? எச்சரிக்கை காட்டலாம், தடுக்கக் கூடாதுங்கறதுதான் என் கருத்து. கேனான் இதுல பரவாயில்லை. புது ஆர் வரிசை பாடிகள் பேட்டரியில சந்தேகம் வந்தா "கேனான் முத்திரை இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேட்குது. முடிவு நம்ம கையில.

பிப்ரவரி 20

தம்பி கடைசியில ஒரிஜினல் ஒண்ணும், ஊர்க் கடையில ஒரு வருஷ வாரண்டியோட வெளிக்கம்பெனி ஒண்ணும் எடுத்திருக்கார். வெளிக்கம்பெனிப் பேட்டரியை வச்சு வளைகாப்பு ஒண்ணு எடுத்துட்டு, "60 வரைக்கும் மெதுவா இறங்குது, அப்புறம் சறுக்குது"ன்னு எழுதியிருக்கார். அருமை. இப்படித்தான் ஒரு பேட்டரியைப் பழகணும். அது 50 காட்டினா மாத்திடுங்க. மதியானம் சாப்பாட்டுப் பந்தி, மண்டப அலங்காரம், காலணி, நகைன்னு நிதானமா எடுக்கிற நேரத்துக்கு அதைப் போடுங்க. மாலை மாத்துறதுல இருந்து அட்சதை வரைக்கும் ஒரிஜினல்.

80டி-க்கு ஒரு சார்ஜுல 960 படம்னு கேனான் போட்டிருக்கே, எனக்கு வேற மாதிரி வருதேன்னும் கேட்டிருக்கார். அந்த எண் சிபாங்கற கேமரா கம்பெனிகளோட சங்கத்து முறையில எடுத்தது. 23 டிகிரி வெப்பத்துல, பாதிப் படத்துக்கு ஃப்ளாஷ் அடிச்சு எடுப்பாங்க. நாம பாடியோட ஃப்ளாஷையே தொடுறதில்லை, தொடர்ச்சியா வேற அடிக்கிறோம், அதனால கூடவே வரும். லைவ் வியூவில, அதாவது பின்னாடி இருக்கிற திரையைப் பார்த்து எடுத்தா அதே 80டி-க்கு 300 தான். வீடியோ ஓட்டினா இந்த ரெண்டு கணக்கும் செல்லாது.

மார்ச் 2

ஃப்ளாஷ் பத்திக் கேட்டிருக்கீங்க. கேமரா மேல மாட்டுற ஸ்பீட்லைட்டுக்கு பென்சில் செல் நாலு. அங்கே நான் ரீசார்ஜ் பண்ற எனிலூப் செல் கட்சி. 2005-ல சான்யோ கொண்டு வந்தது, இப்ப பானாசோனிக் கையில இருக்கு. சாதா வெள்ளை எனிலூப் குறைஞ்சது 1,900 எம்ஏஎச். கறுப்பு ப்ரோ 2,500. எல்லாரும் கறுப்புக்கு ஓடுவாங்க, ஆனா வெள்ளைதான் சார்ஜ் ஏத்தி இறக்கறதுக்குப் பல மடங்கு அதிகமா தாங்கும். வாரா வாரம் முகூர்த்தம் இருக்கிறவங்களுக்கு வெள்ளையே போதும். நாலையும் ஒரே செட்டா வச்சுக்கோங்க, கலக்காதீங்க. செல் மேலயே மார்க்கர்ல ஏ, பி-ன்னு எழுதிடுங்க.

பெட்டிக்கடையில 4,000 எம்ஏஎச்னு பென்சில் செல் விக்குது. அதுக்கும் மேலே சொன்ன படிக்கணக்குதான்.

மே 11

கத்திரி வெயில் நேரம், அதனால இது.

நேத்து ஒரு நண்பர் பாடியோட வந்தார், பேட்டரி வெளியே வரமாட்டேங்குதுன்னு. காருக்குள்ள பையோட மதியம் பூரா கிடந்திருக்கு. பேட்டரி அறையோட கதவைத் திறந்தா பேட்டரியோட வால்பக்கம் லேசா புடைச்சிருக்கு. பக்கவாட்டுல ஒரு தாள் கூட நுழையாத அளவு இறுகிக் கிடந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினா ஸ்ப்ரிங் அதைத் துளிக்கூட உந்தலை. அவர் கையில ஸ்க்ரூடிரைவர். அதை முதல்ல வாங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் வச்சேன். லித்தியம் செல்லைக் குத்தினா தீப்பிடிக்கும், விளையாட்டு இல்லை.

பாடியை ஃபேனுக்குக் கீழே வச்சு நல்லா ஆற விட்டோம். கெட்டியான டேப்பை நீளமா வெட்டி, பேட்டரி வால்பக்கத்துல அழுத்தி ஒட்டி, வாலை மடிச்சுப் பிடி மாதிரி ஆக்கினேன். பாடியைக் கவிழ்த்து, தாழ்ப்பாளை ஒரு விரலால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, டேப்பை நேரா கீழே இழுத்தேன். நடுவுல டேப் பிய்ஞ்சு வந்தது, மறுபடி ஒட்டினோம். மயிரிழை மயிரிழையா நகர்ந்து வந்தது. வெளியே எடுத்து மேஜையில வச்சா தட்டையா உட்காரலை, தொட்டில் மாதிரி ஆடுது. பக்கவாட்டுத் தையல் ஒரு இடத்துல வாயைத் திறந்திருக்கு. அது நேரா மண் நிரப்பின பழைய பிஸ்கட் டின்னுக்குப் போச்சு. வெளிக்கம்பெனிப் பேட்டரிதான், ஆனா இந்த வெயில்ல ஒரிஜினலும் உப்பலாம்.

உப்பினதை மறுபடி சார்ஜ் போடாதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க. 2022-ல வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி தயாரிக்கிறவங்கதான் திரும்ப வாங்கிக்கப் பொறுப்பு. முனையில டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கிற இடத்துல கொடுங்க.

மே 12

சேமிச்சு வைக்கிறது பத்தி ரெண்டு வரி. ஆடி, மார்கழியில வேலை இல்லாத நாளுக்குப் பேட்டரியை முழுசா ஏத்தி வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க. பாதியில வச்சு, குளுமையான அலமாரியில, பாடியில இருந்து கழட்டி வைங்க. எல்பி-ஈ6 மூடியில பேட்டரி வடிவத்துல ஒரு ஓட்டை இருக்கும். மூடியை ஒரு பக்கம் போட்டா ஓட்டையில நீலம் தெரியும், திருப்பிப் போட்டா தெரியாது. ஏத்தினதுக்கு நீலம்னு வச்சுக்கிட்டா இருட்டு மண்டபத்துலயும் குழப்பம் வராது. அந்த மூடியைத் தொலைக்காதீங்க.

ஜூலை 3

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினவங்க நிறைய பேர் இதைப் படிக்கிறாங்க போல, கேள்வி அந்தப் பக்கம் போகுது. அங்கே நிலைமை வேற. திரையும் வியூஃபைண்டரும் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதால ஒரு நாளைக்கு நாலு பேட்டரி சாதாரணம். நாலும் ஒரிஜினல்னா பட்ஜெட் தாங்காதுன்னு எனக்குப் புரியுது. அதனால அங்கே ரெண்டு ஒரிஜினல், ரெண்டு வெளிக்கம்பெனின்னு போறவங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா எந்தப் பாடின்னு பாருங்க. ஆர்5 மார்க் 2 கூட 2024-ல எல்பி-ஈ6பி வந்தது. எம்ஏஎச் அதே 2,130, ஆனா அதிக கரன்ட் கொடுக்கும். அந்தப் பாடியில கேனானோட பழைய பேட்டரியைப் போட்டாலே சில வசதிகள் வேலை செய்யாது. வெளிக்கம்பெனியை அங்கே நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன். நிக்கான்காரங்களுக்கு: இசட்6, இசட்7 மாதிரி பாடிகள்ல யூஎஸ்பி வழியா பாடியிலயே சார்ஜ் ஏத்தணும்னா இஎன்-இஎல்15பி அல்லது 15சி வேணும். பழைய 15 பாடியை ஓட்டும், ஆனா யூஎஸ்பியில ஏறாது. 15சி 2,280 எம்ஏஎச், பழசுல 1,900.

ஆகஸ்ட் 19

தம்பிக்கு ஆவணியில சிங்கப்பூர்ல ஒரு கல்யாணம் கிடைச்சிருக்கு. வாழ்த்துகள்! ஃப்ளைட்டுக்கு: ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பையில, செக்-இன் பெட்டியில ஒண்ணு கூட வேண்டாம். 100 வாட் அவர் வரைக்கும் அனுமதி. எல்பி-ஈ6என்எச்-னாலும் 7.2 வோல்ட்டை 2.13 ஆம்பியர் அவரால (அதே 2,130 எம்ஏஎச்) பெருக்கினா 15 சொச்சம்தான், அதனால அளவு பத்திக் கவலை இல்லை. ஒவ்வொண்ணுக்கும் மூடி போடுங்க. மூடி இல்லாத வெளிக்கம்பெனிப் பேட்டரிக்கு முனையில டேப். செக்யூரிட்டியில லேபிளைப் பார்ப்பாங்க, வாட் அவர் அழிஞ்சுபோன பேட்டரியைக் கொண்டு போகாதீங்க. சார்ஜருக்கு அங்கே மூணு பட்டைக் கால் ப்ளக் வேணும், இங்கேயே வாங்கிட்டுப் போயிடுங்க.